தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நியூட்டன் விதிகளைப் படிப்பது எப்படி

நியூட்டனின் மூன்று விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடும் பிள்ளைகள், கணக்கு என்று வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நான் ஒவ்வோர் ஆண்டும் இதைப் பார்க்கிறேன். கணிதம் வராததால்தான் இப்படி என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அது காரணம் இல்லை. கூட்டல், கழித்தல், ஒரு வகுத்தல், அப்புறம் கொஞ்சம் சைன், கொசைன். இந்தப் பாடத்துக்கு இவ்வளவு கணிதம் போதும். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கேள்வியைப் படித்த கையோடு ‘விசை = நிறை × முடுக்கம்’ என்று எழுதி, கண்ணில் பட்ட எண்களை அதில் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பொருளின் நிறை? அந்தப் பொருளுக்கு விசை கொடுப்பது யார்? இந்த இரண்டையும் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லித்தரப் போவது ஒரே ஒரு பழக்கம்தான். எந்த விசையை எழுதினாலும், அதைக் கொடுப்பது யார், வாங்குவது யார் என்று இரண்டு பெயரையும் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் அந்த விசை அங்கே இல்லை, அழித்துவிடுங்கள். மூன்று விதிகளும் இந்தப் பழக்கத்துக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஊர் திருவாரூர். அதனால் ஆழித்தேரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். தியாகராஜர் கோயில் பங்குனித் திருவிழாவில் ஓடும் தேர் அது. அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன் என்று ஊரில் சொல்வார்கள். முன்னால் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பார்கள். பின்னால் புல்டோசர் முட்டித் தள்ளும். சக்கரத்தின் அருகிலேயே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நடந்து வருவார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தின் வேலை. பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களில் வருவதெல்லாம் எங்களுக்கு நான்கு வீதிக்குள் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது.

பொருளைப் பிரித்தெடுங்கள்

முதல் வேலை, யாரைப் பற்றிக் கணக்குப் போடப் போகிறோம் என்று முடிவு செய்வது. தேரா, வடம் பிடிக்கும் ஒருவரா, வடமா? ஒரு நேரத்தில் ஒன்றுதான். தேர் என்று முடிவு செய்தால், தாளில் ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் ‘தேர்’ என்று எழுதுங்கள். சாலை, மக்கள், புல்டோசர் எதையும் வரைய வேண்டாம். புத்தகம் இதைத் தனித்த பொருள் விசைப்படம் என்கிறது. தேர்வில் அழகாகத் தேர் வரைந்துகொண்டிருந்தால் நேரம்தான் போகும். புள்ளி போதும்.

அடுத்து, இந்தப் புள்ளியை எதெல்லாம் தொடுகிறது என்று கேளுங்கள். நிலையில் நிற்கும் தேரைத் தொடுவது சாலை மட்டும்தான். அது மேல்நோக்கித் தாங்குகிறது. ஆக, மேல்நோக்கி ஓர் அம்பு, பக்கத்தில் ‘சாலை தேருக்குத் தருவது’. தொடாமலேயே விசை தருவது ஒன்று உண்டு, அது பூமி. கீழ்நோக்கி ஓர் அம்பு, ‘பூமி தேருக்குத் தருவது’. இந்தப் பாடத்தில் தொடாமல் வருகிற விசை புவியீர்ப்பு ஒன்றுதான். மின்விசை, காந்தவிசை எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் வரும். மற்ற எல்லா விசையும் தொடுகிற இடத்தில்தான் பிறக்கும். தொடுகிற பொருள்களை எண்ணிவிட்டால், எந்த அம்பும் விட்டுப்போகாது.

தேரின் நிறை 3,00,000 கிலோ. புவியீர்ப்பு முடுக்கம் பூமத்திய ரேகை அருகே 9.78, துருவங்களில் 9.83 என்று சற்று மாறும். நாம் எளிமைக்காக 10 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். எடை 30 லட்சம் நியூட்டன். தேர் மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. எனவே சாலை மேல்நோக்கித் தருவதும் 30 லட்சம் நியூட்டன்.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன். எடையும், சாலை தரும் செங்குத்து விசையும் சமம், எதிர்த்திசை. அப்படியானால் இவை மூன்றாம் விதி சொல்லும் செயலும் எதிர்ச்செயலுமா? ஆமாம் என்று பாதிப் பேருக்கு மேல் கை தூக்குவார்கள். இல்லை என்பதுதான் சரி, இது புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எடை என்பது பூமி தேரை இழுப்பது. இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் அதன் ஜோடி கிடைக்கும்: தேர் பூமியை இழுப்பது. செங்குத்து விசை என்பது சாலை தேரைத் தள்ளுவது. அதன் ஜோடி, தேர் சாலையைத் தள்ளுவது. மூன்றாம் விதி ஜோடிகள் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மேல் இருக்கும். ஆகவே ஒரே புள்ளியில் நீங்கள் வரைந்த இரண்டு அம்புகள் ஒருநாளும் மூன்றாம் விதி ஜோடியாக முடியாது. எடையும் செங்குத்து விசையும் இங்கே சமமாக இருப்பதற்குக் காரணம் முதல் விதி: வேகம் மாறாத பொருள்மேல் விசைகள் சமனாக இருக்கும்.

அவை சமமாக இல்லாத இடமும் உண்டு. ஓர் எடைப் பொறியை லிஃப்டுக்குள் கொண்டுபோய் அதன்மேல் நில்லுங்கள். உங்கள் நிறை 50 கிலோ என்றால், லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் பொறி 55 காட்டும். மேலே போய் நிற்கப்போகும்போது அதே அளவு வேகம் குறைந்தால் 45 காட்டும். நடுவில் சீராகப் போகும்போது 50. பூமி உங்களை இழுப்பது மூன்று நேரத்திலும் ஒன்றுதான். பொறி உங்களைத் தாங்குவதுதான் மாறுகிறது, பொறி காட்டுவதும் அதைத்தான். வீட்டில் பொறி இருந்தால் இதைச் செய்து பாருங்கள்.

முதல் விதி: ஓடுவதற்கு விசை வேண்டாம்

இந்த விதியை எல்லாரும் ஒப்பிப்பார்கள், மனதுக்குள் நம்ப மாட்டார்கள். வடத்தை விட்டால் தேர் நின்றுவிடுகிறதே, அப்படியானால் ஓடுவதற்கு விசை வேண்டும்தானே? அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டு உலகம் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. எனவே உங்களுக்கு அப்படித் தோன்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலிலியோ இதை இரண்டு சாய்தளங்களை வைத்து யோசித்தார். ஒரு சாய்தளத்தில் உருட்டிவிட்ட குண்டு எதிர்ச் சாய்தளத்தில் ஏறக்குறைய அதே உயரம் ஏறுகிறது. எதிர்ச் சாய்வைக் குறைத்தால், அதே உயரத்தை எட்ட இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். சாய்வை இன்னும் குறைத்தால் இன்னும் தூரம். முழுக்கத் தட்டையாக்கிவிட்டால்? எட்ட வேண்டிய உயரம் வரவே வராது, உராய்வு இல்லாவிட்டால் குண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அவர் தட்டையான தளத்தில் எதையும் முடிவில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கண்ணால் பார்த்ததை எல்லைவரை கொண்டுபோய் யோசித்தார். இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

நம் காலத்தில் இதற்கு வாயேஜர் 1 இருக்கிறது. 1977-இல் ஏவிய விண்கலம், சூரியனை விட்டு விலகி நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக எந்த எஞ்சினும் ஓடவில்லை.

தேருக்கு வருவோம். வடத்தை விட்டால் அது நிற்பதற்குக் காரணம் ‘இழுக்கும் விசை தீர்ந்துபோனது’ என்பது இல்லை. பின்னோக்கி ஒரு விசை இருப்பதுதான் காரணம். கொடுப்பது யார்? சாலை. உருளும்போது சக்கரமும் சாலையும் சிறிது நசுங்குகின்றன, அச்சில் உரசல் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து ஒரு தடை. அது தேரின் எடையில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்காக வைத்துக்கொள்ளும் எண். தடை 60,000 நியூட்டன். தேர் வீதியில் மாறாத வேகத்தில் போகும்போது வடமும் புல்டோசரும் சேர்ந்து முன்னோக்கிக் கொடுப்பது சரியாக 60,000 நியூட்டன். ‘முன்னால் போகிறதே, அப்படியானால் முன்னோக்கிய விசைதானே அதிகம்’ என்று தோன்றும். அப்படி அதிகமாக இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் மாறவில்லை என்றால் நிகர விசை, அதாவது எதிரெதிர் விசைகளைக் கழித்த மிச்சம், சுழி. கணக்கில் ‘சீரான வேகம்’, ‘மாறாத திசைவேகம்’ என்ற சொல் வந்தால் அடிக்கோடிடுங்கள். விசைகள் சமன் என்று கேள்வியே உங்களுக்குச் சொல்லிவிட்டது.

அப்புறம் ஒன்று. சாலை 100 அடிக்கு 2 அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் சரிவின் வழியே செயல்படும் பங்கு 30 லட்சத்தில் நூற்றில் இரண்டு, அதாவது 60,000 நியூட்டன். தடையும் அதே 60,000. எனவே ஒருமுறை நகர்ந்துவிட்டால், யாரும் இழுக்காமலேயே தேர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவு 300 டன்னை இப்படிச் செய்துவிடும். முட்டுக்கட்டை போடுகிறவர் ஏன் சக்கரத்தைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை என்பது இப்போது புரியும்.

இரண்டாம் விதி: நிகர விசை என்று சொல்லிப் பழகுங்கள்

‘விசை = நிறை × முடுக்கம்’ என்று எழுதாதீர்கள். ‘நிகர விசை = நிறை × முடுக்கம்’ என்றே எழுதுங்கள். ஒரு சொல்தான் கூடுதல், ஆனால் அதனால் விடை மாறிவிடும்.

நிற்கும் தேர் 10 நொடியில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். முடுக்கம் 0.05 மீ/வி². நிறையால் பெருக்கினால் 15,000 நியூட்டன். வடம் பிடிப்போர் 15,000 நியூட்டன் இழுத்தால் போதுமா? போதாது. 15,000 என்பது மிச்சமாக நிற்க வேண்டிய விசை. சாலை 60,000 பின்னோக்கிக் கொடுக்கிறது. எனவே முன்னோக்கி மொத்தம் 75,000 நியூட்டன் வேண்டும். ஒருவர் 250 நியூட்டன் கொடுக்கிறார் என்றால் 300 பேர், அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், முழு பலத்தோடு. கூட்டத்தில் அப்படி நடக்காது. பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக் கும்பிடுவதற்காகப் பிடித்திருப்பார்கள். தேர் நீண்ட நேரம் நின்ற இடத்தில் சக்கரம் லேசாகப் பதிந்தும் இருக்கும். முதல் அசைவுக்கு ஆயிரக்கணக்கானோரும் புல்டோசரும் தேவைப்படுவது அதனால்தான்.

படிகளாக எழுதிப் பழக வேண்டும். முன்னோக்கி நேர்க்குறி என்று முதலில் எழுதுங்கள். பின்பு சமன்பாடு: 75,000 − 60,000 = 3,00,000 × முடுக்கம். குறியை முன்பே முடிவு செய்யாமல் நடுவில் யோசிப்பவர்களுக்குத்தான் விடையில் குறி புரண்டுபோகிறது. மேலே கீழே உள்ள விசைகளைத் தனிச் சமன்பாட்டில் வையுங்கள். 30 லட்சத்தை இந்த வரிக்குள் கொண்டுவந்து கூட்டக் கூடாது, அது வேறு திசை.

நிறுத்துவதும் இரண்டாம் விதிதான். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியாவில் இந்த விதியை முடுக்கத்தை வைத்துச் சொல்லவில்லை, இயக்கத்தின் அளவு மாறுவதை வைத்துத்தான் சொன்னார். இன்று அதை உந்தம் என்கிறோம், நிறையும் திசைவேகமும் பெருக்கினால் வருவது. நொடிக்கு அரை மீட்டர் என்பது குழந்தைகூட முந்திவிடும் வேகம். ஆனால் 300 டன்னுக்கு அதன் உந்தம் 1,50,000 கிலோகிராம்·மீட்டர்/நொடி. 1,000 கிலோ கார் ஒன்றுக்கு இதே உந்தம் வர வேண்டுமென்றால் அது மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். மெதுவாகத்தான் வருகிறது என்று தேருக்கு முன்னால் குறுக்கே ஓடுகிற பிள்ளைகளிடம் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

இந்த உந்தத்தை 2 நொடியில் சுழியாக்க வேண்டுமானால் நிகர விசை 75,000 நியூட்டன். 0.2 நொடியில் நிறுத்தினால் 7,50,000. நேரம் பத்தில் ஒன்றானால் விசை பத்து மடங்கு. அவ்வளவு பெரிய விசை சக்கரத்தில் மட்டும் விழுந்தால், மேலே 96 அடிக்கு எழுந்திருக்கும் பகுதி நிற்க மறுத்து முன்னே சாயப் பார்க்கும். அதனால்தான் பிரேக் மெல்லப் பிடிக்க வேண்டும். முட்டுக்கட்டையைச் செங்குத்தான கல்லாக வைக்காமல் சரிவாகச் செதுக்கியிருக்கிறார்கள், சக்கரம் அதில் ஏறி ஏறி நிற்பதற்காக. கணத்தாக்கு என்று புத்தகத்தில் வரும் பகுதியை, நேரத்தை நீட்டி விசையைக் குறைப்பது என்று புரிந்துகொண்டால் கிரிக்கெட் பந்து பிடிப்பதும் காரில் காற்றுப்பை விரிவதும் ஒரே கணக்காகத் தெரியும்.

மூன்றாம் விதி: தேரும் நம்மை இழுக்கிறது

‘நாம் தேரை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு தேரும் நம்மைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம். அப்புறம் தேர் எப்படி நகரும்?’ இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம். நியூட்டனே பிரின்சிபியாவில் கயிறு கட்டிக் கல்லை இழுக்கும் குதிரையை வைத்துத்தான் மூன்றாம் விதியை விளக்குகிறார். கல்லும் குதிரையை அதே அளவு பின்னால் இழுக்கிறது என்கிறார்.

பதில், இரண்டு புள்ளி. தேருக்கு ஒன்று, இழுப்பவருக்கு ஒன்று. தேரின் புள்ளியில் முன்னோக்கி வடம் தருவது, பின்னோக்கி சாலை தருவது. முன்னோக்கியது பெரிதானால் தேர் கிளம்பும். தேர் நம்மை இழுக்கும் விசை இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அது நம்மேல் உள்ளது, நம் புள்ளியில் வரும். இரண்டு வேறு புள்ளிகளில் உள்ள அம்புகளை ஒன்றோடொன்று கழிக்க முடியாது.

இப்போது இழுப்பவரின் புள்ளி. வடம் அவரைப் பின்னோக்கி 250 நியூட்டன் இழுக்கிறது. அவர் தேரோடு சீராக நடக்கிறார். எனவே முன்னோக்கியும் 250 நியூட்டன் யாரோ கொடுக்க வேண்டும். யார்? ‘அவருடைய கை பலம்’ என்று சொல்வார்கள். அவர் தனக்குத்தானே விசை கொடுத்துக்கொள்ள முடியாது, பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். அவரைத் தொடுவது இரண்டே இரண்டு பொருள், வடமும் தரையும். வடம் பின்னோக்கி இழுக்கிறது. மிச்சம் தரைதான். பாதத்தால் அவர் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறார், தரை அவரை முன்னோக்கித் தள்ளுகிறது. தேரை நகர்த்துவதில் கைக்கு எவ்வளவு பங்கோ பாதத்துக்கும் அவ்வளவு பங்கு.

60 கிலோ ஆள். தரைக்கும் பாதத்துக்கும் உராய்வுக் குணகம் (செங்குத்து விசையில் எத்தனை பங்குவரை உராய்வு வரலாம் என்று சொல்லும் எண்) 0.5 என்றால் தரை அதிகபட்சம் 300 நியூட்டன் கொடுக்க முடியும். 250-ஐத் தாங்கும். வீதியில் தண்ணீர் தெளித்துக் குணகம் 0.3 ஆகிவிட்டால் 180-தான். எவ்வளவு பலசாலி ஆனாலும் 180-க்கு மேல் இழுத்தால் வழுக்கும். வடம் பிடிப்பவர்கள் முன்னோக்கிச் சாய்ந்து நடப்பதும் இதோடு சேர்ந்ததுதான். மார்பு உயரத்தில் வடம் பின்னால் இழுக்க, பாதத்தில் தரை முன்னால் தள்ள, இரண்டும் சேர்ந்து ஆளை மல்லாக்கத் தள்ளப் பார்க்கும். சாய்ந்தால் உடலின் எடை அதைச் சமன் செய்கிறது.

விண்வெளியில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்ற குழப்பமும் இதே இடத்தில் தீரும். அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட் வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்றபோது, தள்ளுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் எப்படி முடியும் என்று 1920-இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அவரைக் குறைகூறியது. 1969-இல் அப்போலோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள் அந்த நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றிலிருந்து வரும் வாயுவை. வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது. இரண்டு பெயரும் கிடைத்துவிட்டன, காற்றுக்கு அங்கே வேலையில்லை.

உராய்வில் மட்டும் கூடுதல் கவனம்

மதிப்பெண் அதிகமாகப் போவது இங்கேதான். உராய்வு என்றதும் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கிவிடுகிறார்கள். ஓய்வில் இருக்கும் பொருளுக்கு அந்தப் பெருக்கல் தருவது உராய்வின் உச்சவரம்பு மட்டும். 50 கிலோ அரிசி மூட்டை, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. உச்சவரம்பு 250 நியூட்டன். நீங்கள் 100 நியூட்டன் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 100. 250 இல்லை. அது 250 ஆக இருந்தால், நீங்கள் முன்னால் தள்ள மூட்டை உங்களை நோக்கி நகர்ந்து வர வேண்டும்! 200 தள்ளினால் உராய்வு 200. 260 தள்ளினால் வரம்பு தாண்டிவிட்டது, மூட்டை நகரும், இப்போது உராய்வு 0.4-ஐ வைத்து 200 ஆகிறது. நிகர விசை 60, முடுக்கம் 1.2 மீ/வி². ஆகவே உராய்வுக் கணக்கில் முதலில் நகருமா நகராதா என்று பார்த்துவிட்டுத்தான் எண் போட வேண்டும்.

ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும்போது உராய்வின் வேறு முகத்தைப் பார்க்கலாம். சக்கரம் நேராகத்தான் உருளும், பக்கவாட்டில் உருளாது. திருப்ப வேண்டுமானால் சக்கரத்தைச் சாலைமேல் சறுக்க வைக்க வேண்டும். சறுக்கும் உராய்வு உருளும் தடையைவிடப் பல மடங்கு. குணகம் 0.5 என்றால் 15 லட்சம் நியூட்டன், எந்தக் கூட்டத்தாலும் ஆகாது. அதனால் சக்கரத்துக்கு அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைப் போடுகிறார்கள். குணகம் 0.1-க்கு இறங்கினால் 3 லட்சம் போதும்.

இல்லாத விசையை அழிப்பது

பேருந்து பிரேக் போட்டதும் நாம் முன்னால் விழுகிறோம். நம்மை முன்னால் தள்ளியது யார்? யாருமில்லை. பேருந்து வேகத்தைக் குறைத்தது, நாம் பழைய வேகத்திலேயே போனோம். முதல் விதி. அதே பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் தள்ளப்படுவதாக உணர்கிறோம், உடனே படத்தில் ‘மையவிலக்கு விசை’ என்று ஓர் அம்பு வந்துவிடுகிறது. கொடுப்பது யார் என்று கேளுங்கள். பெயர் கிடைக்காது. சாலையில் நின்று பார்ப்பவருக்கு அந்த விசை இல்லை. உண்மையில் இருப்பது இடப்பக்கம், அதாவது மையத்தை நோக்கி. வேகம் நொடிக்கு 10 மீட்டர். அதன் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 4 மீ/வி². 60 கிலோ பயணிக்கு 240 நியூட்டன். அதைக் கொடுப்பது இருக்கையின் உராய்வும் வலப்பக்க ஜன்னல் சுவரும். பேருந்தோடு சேர்ந்து திரும்பும் குறிப்பாயத்தில், அதாவது பேருந்துக்குள் இருப்பவரின் பார்வையில், உட்கார்ந்து கணக்குப் போட்டால் மையவிலக்கு விசையைப் போலி விசையாகச் சேர்க்கலாம், புத்தகத்தில் அதுவும் உண்டு. ஆனால் தொடக்கத்தில் சாலையோரத்தில் நின்றே கணக்குப் போடுங்கள்.

சாய்தளத்துக்கு ஒரே ஒரு உபாயம் சொல்கிறேன். எடையைப் பிரிக்கும்போது எதற்குச் சைன், எதற்குக் கொசைன் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தளம் தட்டையாகிவிடும், சறுக்கும் பங்கு மறைய வேண்டும். சுழியில் மறைவது சைன். எனவே சரிவின் வழியே சைன், தளத்துக்குச் செங்குத்தாகக் கொசைன்.

கப்பிக் கணக்கில் இரண்டு புள்ளி வையுங்கள். கயிற்றின் இருமுனையிலும் 5 கிலோ, 3 கிலோ வாளிகள், கயிறும் கப்பியும் எடையற்றவை, உராய்வு இல்லை. பெரிய வாளிக்கு: 50 − இழுவிசை = 5 × முடுக்கம். சின்ன வாளிக்கு: இழுவிசை − 30 = 3 × முடுக்கம். இரண்டையும் கூட்டினால் 20 = 8 × முடுக்கம். முடுக்கம் 2.5 மீ/வி², இழுவிசை 37.5 நியூட்டன். விடை 30-க்கும் 50-க்கும் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் இல்லாவிட்டால் ஒரு வாளி தவறான பக்கம் போகிறது.

இனி நீங்களே ஒன்று செய்யுங்கள். தேர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது. வடங்கள் சேர்ந்து 50,000 நியூட்டன், புல்டோசர் 20,000 நியூட்டன் கொடுக்கின்றன. (அ) சாலையின் தடை எவ்வளவு? (ஆ) புல்டோசர் திடீரென்று விலகிவிட்டது, மக்கள் அதே பலத்தில் இழுக்கிறார்கள், தடையும் மாறவில்லை. தேர் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தூரத்தில் நிற்கும்? (இ) புல்டோசர் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த 20,000 நியூட்டனின் ஜோடி எது?

விடைகளைப் பார்ப்பதற்கு முன் புள்ளி வைத்து அம்புகளை வரைந்துவிடுங்கள்.

(அ) 70,000 நியூட்டன். சீரான வேகம், எனவே நிகர விசை சுழி. (ஆ) நிகர விசை பின்னோக்கி 20,000. வேகம் குறையும் வீதம் 20,000-ஐ 3,00,000-ஆல் வகுத்தது, அதாவது 15-இல் 1 மீ/வி². அரை மீட்டர் வேகம் தீர 7.5 நொடி. சராசரி வேகம் நொடிக்குக் கால் மீட்டர், எனவே ஏறத்தாழ 1.9 மீட்டர் ஓடி நிற்கும். (இ) தேர் புல்டோசரைப் பின்னோக்கித் தள்ளும் 20,000 நியூட்டன். ‘சாலையின் தடை’ என்று எழுதியிருந்தால், மறுபடி இரண்டு பெயரையும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.